குறுக்கே வந்த கிளை

என் கணவர் ஆர்லினுக்கு ஒரு வேலையைத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எங்கள் வாசலை வெட்டுவார், சாலையோரப் பள்ளத்தை வெட்டுவார், அப்படியே அடுத்த பண்ணை டெல்மரின் எல்லைக்குள்ளும் பத்தடி போய் வெட்டிவிட்டு வருவார். ஒரு கோடையில் தேவாலயத்துப் புல்லை வெட்டுகிறேன் என்று கிளம்பிப் போனவர், பாஸ்டரின் மனைவி ஆசையாக நட்டு வைத்திருந்த பூச்செடிகளையும் சேர்த்து வழித்துவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால் இல்லை. மறுநாள் போய், செடியே இல்லாத அந்த மண்ணைச் சுற்றி வெள்ளை வேலி அடித்துக் கொடுத்தார். அவருக்கு மன்னிப்பு வாயில் வராது, கையில்தான் வரும். அதுவும் பாதி நேரம் யாருக்கும் புரியாத மாதிரி வரும்.

முப்பது வருஷத்துக்கு மேல் பால் லாரி ஓட்டியவர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எங்கள் மேட்டுச் சாலைகளில் எந்தப் பண்ணை நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முழங்கால் பனி விழுந்த நாளிலும் வண்டி போயாக வேண்டும், பசு காத்திருக்காது. அப்படியே பழகிப்போன உடம்பு. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது அந்தச் சுறுசுறுப்பெல்லாம் என் தலையில்தான் விடிந்தது. காரேஜில் சுத்தியல் தொங்கும் இடத்தில் சுத்தியலின் உருவத்தைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிற மனிதரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும்.

இவருடைய அண்ணன் கேலன் நேர் எதிர். குன்றுச்சரிவில் நாற்பது ஏக்கர் காட்டை வைத்துக்கொண்டு ஒரு புல்லைக்கூடக் கிள்ளாதவர். நடுவில் ஒரு மரக்குடில், அதற்கு மேலே சரிவில் மான் சுட இரண்டு பரண்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்கு நாங்கள் எல்லோரும் அந்தக் குடிலில்தான் கூடுவோம். கேலன் செத்துப்போய் இரண்டு வசந்தம் ஆகிவிட்டது. காடு தம்பிக்கு வந்தது. வந்த பிறகும் ஆர்லின் அங்கே கால் வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்பாரற்ற காடு என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்தது. பக்தார்ன் முட்புதர் ஆள் உயரத்துக்கு மேல் போனது, காட்டு ரோஜா முள் பாதையையே விழுங்கியது, பரணுக்கு ஏறும் ஏணியில் கொடி சுற்றிக்கொண்டது.

போன ஆகஸ்டில் எங்கள் மகள் கெண்ட்ரா மினியாபொலிஸிலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, பெரியப்பாவோட கிழக்குப் பரண் இன்னும் நிக்குதா?"

"நிக்குதுன்னுதான் நினைக்கிறேன். ஏன் கேக்கிற?"

"இந்த வருஷம் சீசன் ஆரம்பிக்கிற அன்னைக்கு வரலாம்னு இருக்கேன்."

"அப்பாகிட்ட குடுக்கவா?" என்றேன்.

"வேண்டாம். நீயே சொல்லிடு."

சொன்னேன். ஆர்லின் "அப்படியா" என்றார். காபியைக் குடித்து முடிக்காமலே காரேஜுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ரம்பத்தின் பற்களை அரம் வைத்துத் தீட்டும் சத்தம் கேட்டது.

இதன் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மானைச் சுட்டுக் குறி தவறியவரின் சட்டை வாலை வெட்டி, பேரும் வருஷமும் எழுதிக் குடில் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அது விளையாட்டு. டெல்மரின் சட்டை வால்கள் மட்டுமே அந்தச் சுவரில் ஒரு போர்வை தைக்கிற அளவுக்கு இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கெண்ட்ராவுக்கு இருபது வயது. பால்கட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு கிழக்குப் பரணில் உட்கார்ந்தாள். பெரிய கொம்பு மான் வந்தது. சுட்டாள். மான் போய்விட்டது. குடிலுக்கு வந்து, "குறி சரியாத்தான் இருந்துச்சு, கிளை குறுக்கே வந்துடுச்சு" என்றாள்.

குறி தவறிய யார்தான் அதைச் சொல்லவில்லை? எல்லோரும் சிரித்தார்கள். கேலன் மட்டும், "போய்ப் பாத்துட்டு வந்து வெட்டலாமே" என்றார். ஆர்லின், "கிளை எல்லாருக்கும்தான் குறுக்கே வரும்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். அவள், "வேண்டாம்ப்பா, நான் பொய் சொல்லலை" என்றாள். வெட்டிவிட்டார். சட்டை போனது அவளுக்குப் பெரிதில்லை. தன் அப்பா தன்னைப் பொய்க்காரி என்று ஊர் முன்னால் சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் காட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள், பரிசு கொடுப்பாள், போவாள். அப்பாவோடு பேசுவதெல்லாம் வானிலை பற்றித்தான். அங்கே பனியா, இங்கே மழை. இவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஜென்மமா?

செப்டம்பர் முழுக்கக் காட்டில்தான் கிடந்தோம். பாதை திறக்கவும், பரணிலிருந்து மான் வரும் பக்கங்களுக்குப் பார்வை போகும்படி இரண்டு மூன்று சந்து வெட்டவும் ஒரு வாரம் போதும். அதன் பிறகு ஒதுங்கிவிட வேண்டும். மனித வாடை போய், மான் பழையபடி நடமாட வேண்டும் என்பது இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தவரே ஆர்லின்தான். அக்டோபர் வந்தது, இவர் நிறுத்தவில்லை. சந்து பாதையாயிற்று, பாதை மைதானமாயிற்று. டிராக்டருக்குப் பின்னால் புதர்வெட்டியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓட்டினார். வெட்டியதை இழுத்துக் குவிக்கும் வேலை எனக்கு. காட்டு ரோஜா முள் கையுறையைத் துளைத்து உள்ளே போகும். வெட்டிய பக்தார்ன் காய்ந்தால் குத்தீட்டிதான். எனக்கு அறுபத்தாறு வயது. இடுப்பு நிமிராமல் வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கவும் நானேதான்.

ஒரு நாள் டெல்மர் வந்து, டிரக்கை விட்டு இறங்காமலே வேடிக்கை பார்த்தான். கேலனின் கூட்டாளி, எங்களுக்கும் பல வருஷப் பழக்கம், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்னடா ஆர்லின், கோல்ஃப் மைதானமா போடுற?"

"பார்வை மறைக்குது."

"மான் வந்து எங்கடா நிக்கும்? அதுக்கு மறைப்பு வேணாமா? நாலு நாற்காலி மேசை போட்டு வை, வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

"உன் வேலையைப் பாருடா."

"லவோன், நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லாததா? வீட்டுக்குப் போய் உன் நாய்கிட்ட சொல்லு, அதாவது கேக்கும்" என்றேன்.

நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தேன்.

"ஆர்லின், அவ ஒம்போது வருஷம் கழிச்சு வர்றா. பொழுதெல்லாம் உக்காந்து மொட்டைத் தரையைப் பாத்துட்டுப் போகப்போறா. ஒரு மான் வராது. அதுக்கப்புறம் அவ வரவே மாட்டா. உனக்கு அதுதான் வேணுமா?"

அவர் ரம்பத்தை அணைக்காமலே, "ஒரு கிளை இருக்கக் கூடாது. ஒண்ணுகூட" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் மானுக்காக வெட்டவில்லை என்று. புரிந்ததும் கோபம் தணிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் தீருகிற காரியத்துக்கு நாற்பது ஏக்கரை மொட்டையடிக்கிறார் என்று இன்னும் கூடத்தான் செய்தது.

நவம்பர் பிறந்துவிட்டது. கிழக்குப் பக்கம் முழுதும் துப்புரவாகி, மேற்குப் பாதிதான் மிச்சம். கிழக்குப் பரணுக்கு எதிரே ஓர் ஓக் மரத்தின் தொடைக் கனக் கிளை மட்டும் இன்னும் தாழ்ந்து சாய்ந்து நின்றது. நான் கீழே வெட்டிய கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தேன். ரம்பம் பாய்ந்து, கிளை விழுந்து, மறுபடி அதையே துண்டு போடும் சத்தம். நடுவில் கிரீச்சென்று ஒரு மாறுபட்ட ஒலி. ரம்பம் நின்றது.

"பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கத்தினேன்.

மேலே ஏறிப் போனேன். ஆர்லின் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். கிளையின் அறுத்த பரப்பில் கறுப்பாக ஒரு கறை, அதன் நடுவில் ரம்பம் பட்டுப் பளபளத்த ஈயப் புள்ளி. குண்டு. அது துளைத்து நுழைந்த காயத்தை மரம் மூடி மூடி வளர்ந்திருந்தது. அந்த வளையங்களைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நாப்பது வருஷமா இந்தக் காட்டுல சுடுறோம், யாரோடதோ" என்றேன்.

"ஒம்போது வளையம், ஒம்போது வருஷம். பரண் பக்கத்துலேருந்துதான் நுழைஞ்சிருக்கு" என்றார்.

கெண்ட்ரா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். எழுந்து நூறடி நடந்து பார்க்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை, சொன்ன கேலன் பேச்சையும் யாரும் கேட்கவில்லை.

ஆர்லின் அந்தத் துண்டை அறுத்தெடுத்து டிரக்கில் வைத்தார். எங்கே வைத்தார் என்று நினைக்கிறீர்கள்? பின்னால் அத்தனை இடம் கிடக்க, என் இருக்கையில். வீடு வரைக்கும் அந்தக் கட்டையை மடியில் சுமந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், "இப்பவே கூப்பிட்டுச் சொல்லு" என்று தொலைபேசியைக் கையில் திணித்தேன். அதிசயமாகக் கூப்பிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கெண்ட்ரா, அங்க பனி விழுதா?" என்றார். "இங்க இன்னும் இல்ல" என்றார். "சரி" என்று வைத்துவிட்டார்.

கையிலிருந்த பாத்திரம் துடைக்கும் துணியால் அவரை அடித்தேன். அடித்ததற்காக இன்றைக்கும் வருத்தமில்லை.

அன்றோடு வெட்டுவதை நிறுத்திவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் வெட்டியவர், இப்போது வெட்டிப் போட்டதை அள்ளக்கூட வரவில்லை. மேற்குப் பாதி முட்காடாகவே நின்றது, குவியல்கள் அங்கங்கே கிடந்தன. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளைக் கட்டிக்கொண்டால் முயல் குழம்பும் கிடைக்காது, முயலும் கிடைக்காது.

சீசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெண்ட்ரா குடிலுக்கு வந்தாள். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அடுப்பில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டெல்மர் பிராந்திக் கோப்பையோடு மேசையில் இருந்தான். அவள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பியவள், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே அவளுடைய பச்சைத் துண்டு ஒன்பது வருஷமாகத் தொங்கியபடி தொங்கியது. அதன் பக்கத்தில் அந்த ஓக் துண்டு. அதன் கீழே பழுத்துப்போன ஒரு சட்டை வால், ஆர்லின் என்று பேர் எழுதி. வந்ததிலிருந்து அடுப்படியிலேயே நின்ற எனக்கே அப்போதுதான் தெரியும். மதியமே வந்து ஆணியடித்திருக்கிறார்.

கெண்ட்ரா போய் அந்த ஈயப் புள்ளியை விரலால் தொட்டாள். "எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள், அப்பாவைப் பார்க்காமலே.

"பாத்தேன்."

"எத்தனை?"

"ஒம்போது."

டெல்மர் பிராந்திக் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் அந்தப் பழைய சட்டை வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எந்தச் சட்டை?"

"என்னோடதுதான்."

"தெரியுது. வண்டி துடைக்கிற சட்டை" என்றாள். "என்னோடது நல்ல சட்டைப்பா."

ஆர்லின் எழுந்து வெளியே போனார். டிரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் ஒரு கடைப்பை. வருகிற வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்தில் போட்டுக்கொள்வதற்காக அன்று காலையில்தான் நான் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அதைப் பிரித்து மேசைமேல் விரித்தார். கத்தியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

"ஆர்லின், அது பண்டிகைக்கு வாங்கினது" என்றேன். யார் கேட்டார்கள்?

அவள் கத்தியை எடுத்தாள். வாலோடு விடுவாள் என்று பார்த்தால், பாக்கெட் வரைக்கும் வெட்டினாள். நிதானமாக, கோணாமல், அப்பாவைப் போலவே. துண்டைச் சுவரில் வைத்து, கோடரியின் பின்பக்கத்தால் ஆணியடித்தாள். பேரையும் வருஷத்தையும் அவளே எழுதினாள். பிறகு உட்கார்ந்து, "அம்மா, குழம்பு ஆறுது" என்றாள்.

மறுநாள் விடியும் முன்னே மூவரும் துப்பாக்கியோடு போனார்கள். நான் குடிலில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தேன். பொழுது நன்றாக ஏறிய பிறகு கிழக்குப் பரண் பக்கம் ஒரே ஒரு வெடி. அதற்கப்புறம் சத்தமே இல்லை. இங்கே ஒரு வெடி என்றால் மான் விழுந்துவிட்டது என்பார்கள். கடவுளே அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆர்லினும் டெல்மரும் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்கள். கடைசியாகக் கெண்ட்ரா வந்தாள், வெறுங்கையோடு.

"கொம்பு மான்தான். வெட்டாம விட்ட முள்ளுக்குள்ளேருந்து வந்து, மொட்டையடிச்ச பக்கம் ஏறி, பக்கவாட்டுல நின்னுச்சு" என்றாள். "தவறிடுச்சு."

"கிளை ஏதாவது..." என்று ஆர்லின் அவசரமாக ஆரம்பித்தார்.

"கிளை எங்க இருக்கு? அதான் ஒண்ணு விடாம வெட்டித் தள்ளிட்டீங்களே." உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "கிளையெல்லாம் இல்லப்பா. என் கை நடுங்கிடுச்சு."

சொல்லிவிட்டு, சட்டை வாலை வெளியே இழுத்து விட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஆர்லின் கத்தியைத் திறந்தார். சட்டை நுனியைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அந்தக் கைகளை எனக்குத் தெரியும், பனிக்காலம் முழுக்கப் பால் லாரியின் உறைந்த குழாயைக் கழற்றி மாட்டிய கைகள். ஒரு முழத் துணியை வெட்ட வரவில்லை.

"வெட்டுங்கப்பா. இப்ப நானே சொல்றேனே."

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "லவோன்" என்றார்.

வாணலியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி நானே வெட்டினேன். தொடங்குகிற வேலையை எல்லாம் முடித்து வைப்பது இந்த வீட்டில் வேறு யார்?

வியாழக்கிழமை விருந்துக்கு அந்தப் பாதிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாக்கெட்டுக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க உள்பனியன் தெரிந்தது. வேறு சட்டை எடுத்துக் கொடுத்தேன், தொடவில்லை. கெண்ட்ரா உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி, "அப்பா, அடுத்த வருஷம் மேற்குப் பக்கத்துல கை வைக்காதீங்க. மான் அங்கதான் படுக்குது" என்றாள்.

"சரிம்மா" என்றார்.

மறுநாள் காலையில் காரேஜிலிருந்து ரம்பம் தீட்டும் சத்தம் கேட்டது.